புளிக்காய்ச்சலும் சுமத்ராவும்: சிங்கப்பூர்ல இருந்து கிள்ளான் வரைக்கும் பாய்மரப் படகுல

நாள் 0, தேக்கா

நாளைக்குக் காலையில கெளம்பணும், நான் இன்னும் சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவுல தேக்கா ஈரச்சந்தையில சின்ன வெங்காயம் பொறுக்கிட்டு நிக்கிறேன். ஜூன் மாச லீவு, பொண்ணு ஃப்ரெண்டுங்களோட வேற எங்கயோ போறா, நாங்க ரெண்டு பேரும் எங்க பழைய 32 அடி படகுல மலாக்கா நீரிணை வழியா மலேசியாவுல இருக்குற கிள்ளான் வரைக்கும் போறோம். ஒரு விஷயத்த இப்பவே சொல்லிடறேன், படகுல கேப்டன் என் மனைவிதான். ஆறு வருஷமா வாரக்கடைசில கத்துக்கிட்டு, பரீட்சை எழுதி, லைசன்ஸ் எல்லாம் அவ பேர்லதான். நான் சமையல், கயிறு இழுக்கிறது, பாத்திரம் கழுவுறது.

படகுல ஃப்ரிட்ஜ் கிடையாது, ஐஸ் பெட்டிதான், மூணாம் நாள் அது வெறும் தண்ணிப் பெட்டி. அதனால போன தடவை மாதிரி டின் மீனும் மேகியுமா வாங்கி அடுக்காம, எங்க அம்மாகிட்ட கேட்டு புளிக்காய்ச்சல் போட்டேன். நல்லெண்ணெய் தாராளமா, காஞ்ச மொளகா, வெந்தயம், கடலைப்பருப்பு, பெருங்காயம், அடுப்புல ஒரு மணி நேரம் கொதிச்சு எண்ணெய் மேல மிதக்கிற வரைக்கும். ரெண்டு ஹார்லிக்ஸ் பாட்டில் நெறைய வந்துச்சு. கூட நெத்திலிக் கருவாடு, அப்பளம், எலுமிச்சை, பத்து கிலோ அரிசி. கேப்டன் பாத்துட்டு "என்னங்க, நாம கிள்ளானுக்குப் போறோமா இல்ல நாகப்பட்டினத்துக்கா"னு கேட்டா.

கேலிக்குக் கேட்டாலும் அதுல ஒரு விஷயம் இருக்கு. எங்க தாத்தா நாகப்பட்டினத்துல ராஜுலா கப்பல் ஏறி, பினாங்கு, கிள்ளான் வழியா இதே நீரிணைல இறங்கிதான் சிங்கப்பூர் வந்தாரு. 1926-ல கட்டுன கப்பல் அது, 1970-கள் வரைக்கும் ஓடுச்சு. டெக் டிக்கெட்டு, பாய் விரிச்சுப் படுக்கணும், கைல கட்டுச்சோறு. அவரு கீழ வந்த வழில நாங்க மேல போறோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

நாள் 1, சிங்கப்பூர் முதல் புத்ரி துறைமுகம்

வெளிநாடு போற படகுக்கு எமிகிரேஷன் கடல்லயே நடக்கும், பாக்காதவங்களுக்குச் சொன்னா நம்ப மாட்டாங்க. நாம அவங்க சொன்ன எடத்துல போய் மெதுவா சுத்திக்கிட்டு இருக்கணும், அதிகாரிங்க படகு பக்கத்துல வரும், நீளக் குச்சில மீன் வலை மாதிரி ஒன்னு கட்டி நீட்டுவாங்க, பாஸ்போர்ட்டையும் பேப்பரையும் ஒரு பிளாஸ்டிக் பைல போட்டு அந்த வலைக்குள்ள வைக்கணும். ரெண்டு படகும் ஆடுது, நடுவுல என் பாஸ்போர்ட் தொங்குது. சாங்கி ஏர்போர்ட்ல மூஞ்சியக் காட்டுனா கதவு தொறக்குற ஊர்ல!

அப்புறம் மேற்கால ஜூரோங் தீவு ஓரமா ஒரே எண்ணெய்த் தொட்டியும் புகைக்குழாயுமா ரெண்டு மணி நேரம். நடுவுல சுல்தான் ஷோல் கலங்கரை விளக்கம் மட்டும் கண்ணுக்குக் குளிர்ச்சி, 1895-ல கட்டுனது, வெள்ளையா சின்ன வீடு மாதிரி தண்ணிக்கு நடுவுல உக்காந்திருக்கு. காத்து கம்மி, இஞ்சின்லதான் போனோம். கேப்டன் ஆர்டர் போடுற அழகு இருக்கே, "என்னங்க, அந்த ஜிப்ப கொஞ்சம் சுருட்டுறீங்களா?" (ஜிப்னா முன்பக்கத்துப் பாய்.) "என்னங்க, கயித்த லேசா விடுங்களேன்." கல்யாணம் ஆகி இருபத்திரண்டு வருஷமா வீட்டுல இவ்வளவு மரியாதையா ஒரு வேலை சொன்னதில்ல.

துவாஸ் தாண்டி இரண்டாம் பாலத்துக்கு அடியில போகணும். 1998-ல தொறந்த பாலம், எத்தனை தடவை அது மேல கார்ல ஜாம்ல நின்னு திட்டியிருக்கேன். கீழ இருந்து பாத்தா பாய்மரம் கண்டிப்பா இடிக்கப் போகுதுன்னே தோணும், கணக்குப்படி நெறைய எடம் இருக்குன்னு தெரிஞ்சும் நான் தலையக் குனிஞ்சேன். நான் குனிஞ்சா மரம் குனியுமா? கேப்டன் சிரிச்சுட்டா.

புத்ரி துறைமுகத்துல, இன்னும் அனுமதி வாங்கலன்னு காட்டுற மஞ்சள் கொடி ஏத்தி, மலேசியக் கொடியும் ஏத்தி, எமிகிரேஷன், கஸ்டம்ஸ், துறைமுக ஆபீஸ்னு மூணு கவுண்டர் ஏறி இறங்கி எல்லாம் முடிய மத்தியானம் போயிடுச்சு. ராத்திரி சாப்பாடு பக்கத்துல மாமாக் கடைல (தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) மீ கோரேங்னு பொரிச்ச நூடுல்ஸ், ஒரு தே தாரேக், ஆத்துன டீ. சுமார்தான்.

நாள் 2, பீசாங் தீவு

தஞ்சோங் பியாய் முனையச் சுத்தி வந்தோம். ஆசியா கண்டத்து நிலப்பரப்போட தெக்குக் கோடி அதுதான், படகுல இருந்து பாத்தா வெறும் சதுப்பு நிலக் காடு, ஒரு பெரிய கோடிக்கான கம்பீரம் எதுவும் இல்ல. வலது பக்கம் கரை, இடது பக்கம் கப்பல் பாதை. அந்தப் பாதை ரோடு மாதிரி, போறதுக்கு ஒரு லேன் வர்றதுக்கு ஒரு லேன், 400 மீட்டர் நீளக் கண்டெய்னர் கப்பல்லாம் வரிசையா போகும். நாங்க சைக்கிள்காரன் மாதிரி ஓரமா போய்க்கணும்.

சாயங்காலம் பீசாங் தீவுக்குப் பின்னாடி நங்கூரம் போட்டோம். தீவு மலேசியாவோடது, ஆனா உச்சியில இருக்குற கலங்கரை விளக்கத்தப் பாத்துக்கறது சிங்கப்பூர்! ஜொகூர் சுல்தான் 1900-ல போட்ட ஒப்பந்தம், இன்னும் அப்படியே நடக்குது. நம்ம ஊரு லைட்டு நம்ம தலைக்கு மேல சுத்திச்சுத்தி வந்தது, என்னமோ பக்கத்து புளோக் காரிடார் லைட்டு மாதிரி ஒரு தைரியம்.

அரை மணி நேரத்துல ஒரு சின்ன மீன்பிடிப் படகு பக்கத்துல வந்துச்சு. அப்பாவும் பையனும். ரெண்டு கேன் ஹண்ட்ரட் பிளஸும் கொஞ்சம் ரிங்கிட்டும் குடுத்தோம், ஒரு பை கெம்புங் மீனு குடுத்தாங்க, நம்ம கானாங்கெளுத்திதான், கண்ணு இன்னும் கண்ணாடி மாதிரி இருந்துச்சு. மஞ்சள், மொளகாத்தூள், உப்பு, எலுமிச்சை தடவி கல்லுல போட்டேன். படகு அடுப்பு ஊஞ்சல் மாதிரி தொங்கும், படகு எந்தப் பக்கம் சாஞ்சாலும் அது நேரா நிக்கும், நான்தான் சாஞ்சு நிக்கணும். புளிச்சோறு, பொரிச்ச மீனு, அப்பளம். கேப்டன் தட்ட வழிச்சுச் சாப்பிட்டுட்டு "சரி, ஹார்லிக்ஸ் பாட்டில் ரெண்டு பத்தாதுங்க"னு சொன்னா. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் பத்து கிலோ அரிசி தூக்கிட்டு வந்தேன்.

நாள் 3, நீளமான நாள்

இத எழுத ஒரு நாள் ஆயிடுச்சு, கை இன்னும் வலிக்குது.

பீசாங்ல இருந்து மலாக்கா பக்கத்துல இருக்குற பெசார் தீவுக்குக் கிட்டத்தட்ட 67 கடல் மைல். எங்க படகு அஞ்சு நாட் (மணிக்கு அஞ்சு கடல் மைல்) ஓடும், அப்படின்னா பதிமூணு மணி நேரம். இந்த நீரிணைல தண்ணி வத்துறப்ப ஓட்டம் வடமேற்கா இழுக்கும், ஏறுறப்ப தென்கிழக்கா தள்ளும், வடக்கால போறவங்க வத்தத்துல கெளம்புனா ஆறு மணி நேரம் சும்மா தூக்கிட்டுப் போகும். அன்னைக்கு வத்தம் ஆரம்பிச்சது ராத்திரி மூணு மணிக்கு. மூணு மணிக்கு எழுந்து நங்கூரத்த இழுத்தா சங்கிலி முழுக்க சேறு, சிகப்பு மண்ணு இல்ல, கறுப்பு சேறு, நாத்தம் குடலப் புடுங்குது, கை காலு மூஞ்சி எல்லாம் சேறு.

வெளிய வந்தா வலை. மூங்கில் குச்சில கொடி கட்டி, உச்சில சின்னதா மினுக்குற லைட்டு, சிலதுல லைட்டும் இல்ல. நான் முன்னாடி நின்னு டார்ச் அடிக்கிறேன், "இடது, இடது, இல்ல வலது"னு கத்துறேன், அவ ஓட்டுறா. அஞ்சு மணி வாக்குல வலை கொறஞ்சுச்சு, சரி காப்பி போடலாம்னு கீழ எறங்கினேன்.

மேற்கால மின்னுச்சுன்னு அவ மேல இருந்து சொன்னா. மின்னட்டும்னு நான் சக்கர போட்டேன். அப்புறம் "என்னங்க, நட்சத்திரம் காணோம்"னா. மேல வந்து பாத்தா உண்மைதான், மேக்குப் பக்கம் கீழ இருந்து மேல ஒவ்வொரு நட்சத்திரமா அணைஞ்சுக்கிட்டே வருது, யாரோ கறுப்புப் போர்வைய மெதுவா இழுத்து மூடுற மாதிரி. காத்து சுத்தமா நின்னுபோச்சு. அடுத்து ஒரு குளிர்ந்த காத்து, ஐஸ் பெட்டிய தொறந்த மாதிரி, கழுத்துல. சிங்கப்பூர்ல விடியகால மழைல தூங்கிட்டே "ஆஹா சுமத்ரா"னு போர்வைய இழுத்துக்கறோமே, அதேதான். சுமத்ராத் தீவு மலைப்பக்கம் ராத்திரி இடிமழை உருவாகி, வரிசையா நீரிணையத் தாண்டி விடியிறப்ப நம்ம பக்கம் வந்து அடிக்கும், தென்மேற்குப் பருவக்காத்து மாசங்கள்ல அடிக்கடி. கட்டில்ல படுத்துக்கிட்டு கேக்குறப்ப சுகமாத்தான் இருக்கும்.

"என்னங்க ஜிப்ப சுருட்டுங்க"னு ஆரம்பிச்சா. சொல்லி முடிக்கல, காத்து அடிச்சுச்சு, மீட்டர்ல 34 நாட் பாத்தேன், அதுக்கு மேல பாக்கல. படகு ஒரு பக்கமா படுத்துடுச்சு. "சுருட்டு! சுருட்டு! விடு அத! அது இல்லடா, பச்சைக் கயிறு! இழு!" இருபத்திரண்டு வருஷத்து 'ங்க' அப்படியே காத்துல பறந்து சுமத்ராவத் தாண்டிப் போயிடுச்சு. எனக்கு அப்ப அது ஒறைக்கக்கூட இல்ல, பச்சைக் கயிற இழுத்தேன், கை தோல் உரிஞ்சுச்சு, பாய் அடிக்கிற சத்தம் துப்பாக்கி மாதிரி, மழை பக்கவாட்டுல ஊசி மாதிரி. மெயின் பாய பாதிக்கு இறக்கிக் கட்டுனோம், ரீஃப் போடுறதுன்னு சொல்வாங்க. அவ வீல புடிச்சுக்கிட்டு நின்னா பாருங்க, முடி மூஞ்சில ஒட்டிக்கிட்டு, கண்ண சுருக்கிக்கிட்டு, ஒரு கப்பல் லைட்டையே பாத்துக்கிட்டு. அது நம்மள விட்டு விலகிப் போகுதான்னு திசைகாட்டில பாக்குறா. கோணம் மாறிக்கிட்டே இருந்தா பயமில்ல, மாறாம கப்பல் பெருசா மட்டும் ஆச்சுன்னா மோதப்போகுதுன்னு அர்த்தம். மாறிக்கிட்டு இருந்துச்சு.

நாப்பது நிமிஷம். அப்புறம் ஒன்னுமே நடக்காத மாதிரி சாம்பல் வெளிச்சம், தூறல், கெழக்கால ஆரஞ்சுக் கோடு.

கீழ போய்ப் பாத்தா காப்பி கூரைல இருக்கு. சக்கரை, அரிசி, நனைஞ்ச சட்டை எல்லாம் ஒன்னா கலந்து தரைல. ஆனா முந்தின நாள் ராத்திரியே வடிச்சு வச்ச சோறு குக்கர்ல மூடி பூட்டுனபடியே உருண்டுபோய் ஒரு மூலைல கெடந்துச்சு, ஒரு பருக்கை சிந்தல. படகுல போறவங்க யாரா இருந்தாலும் நான் சொல்றது ஒன்னுதான், குக்கர் வாங்குங்க. கேஸ் மிச்சம், மூடி கழறாது. ஹார்லிக்ஸ் பாட்டிலும் துணிக்குள்ள சுத்தி வச்சதால தப்பிச்சுச்சு. மழைல நனைஞ்சுகிட்டே ரெண்டு பேரும் குக்கர்லயே கைய விட்டு புளிச்சோறு பெசஞ்சு சாப்பிட்டோம், ஏழு மணிக்கு. அப்பதான் அவ மெதுவா "டா போட்டுக் கூப்டேனா?"னு கேட்டா. ஆமான்னேன். "பரவால்லையா?" புளிச்சோறு வாய் நெறைய இருந்ததால பதில் சொல்லல.

சாயங்காலம் நாலரைக்கு பெசார் தீவு. நங்கூரம், தூக்கம்.

நாள் 4, மலாக்கா

பெசார் தீவுல ஞானிங்க கபர் நெறைய இருக்கு, நேர்ச்சைக்குக் குடும்பம் குடும்பமா வர்றாங்க, படகுத்துறைல தமிழ் பேசுற சத்தமும் கேட்டுச்சு. அங்க இருந்து ஃபெரி புடிச்சு கரைக்குப் போய், கார் புடிச்சு மலாக்கா டவுன். கூட்டம். ஜோங்கர் தெருவுல கோழிச்சோறு உருண்டைக்கு க்யூ வளைஞ்சு வளைஞ்சு போகுது, நாங்க போகல. குலா மலாக்கா (கருப்பட்டிப் பாகு) ஊத்துன சென்டோல் மட்டும் ஒன்னு, அது இல்லாம திரும்புனா பாவம்.

முதல்ல பொய்யாத மூர்த்தி விநாயகர் கோயிலுக்குப் போனோம். 1781-ல கட்டுனது, மலேசியாவுல இன்னும் பூஜை நடக்குற இந்துக் கோயில்ல ரொம்பப் பழசு. நிலம் டச்சுக்காரங்க குடுத்தது, கட்டுனவங்க மலாக்கா செட்டி சமூகம். அதே தெருவுல ஒரு மசூதி, ஒரு சீனக்கோயில். புயல்ல தப்பிச்சதுக்கு சிதறு தேங்காய் ஒன்னு போட்டேன், கேப்டன் பக்கத்துல நின்னு "ரீஃப் போட்டது நானு, தேங்கா புள்ளையாருக்கா"னு முணுமுணுத்தா.

இந்த மலாக்கா செட்டிங்கதான் இன்னைக்கு விஷயமே. மலாக்கா சுல்தான் காலத்துல வந்த தமிழ் வியாபாரிங்க உள்ளூர்ப் பொண்ணுங்களக் கட்டி உண்டான சமூகம், சாமி கும்புடுறது நம்ம மாதிரி, வீட்டுல பேசுறது மலாய், பொம்பளைங்க கட்டுறது சாரோங் கெபாயா. சிங்கப்பூர்ல தெரிஞ்சவங்க மூலமா காஜா பெராங் பக்கம் ஒரு வீட்டுல முன்னாடியே சொல்லி வச்சிருந்தோம். கதவத் தொறந்த ஆன்ட்டிக்கு எழுபது வயசு இருக்கும், நெத்தில திருநீறு, வாய் தொறந்தா சுத்த மலாய். நான் பழக்க தோஷத்துல "வணக்கம் ஆன்ட்டி"ன்னேன், அவங்களும் "வணக்கம்"னாங்க, அதுக்கப்புறம் தமிழ் முடிஞ்சுபோச்சு. என் மலாய் தேசிய சேவைல (கட்டாய ராணுவப் பயிற்சி) கத்துக்கிட்ட அணிவகுப்பு மலாய், கேப்டன்தான் காப்பாத்துனா.

வாழையிலை போட்டாங்க. நாசி லெமாக் குக்குஸ்னு ஒரு சோறு. நம்ம கடைல கெடைக்கிற நாசி லெமாக் இல்ல இது. அரிசிய ஊற வச்சு முதல்ல ஆவில பாதி வேக விட்டு, வெளிய எடுத்து உப்புப் போட்ட தேங்காய்ப்பால சூடா ஊத்திக் கெளறி, பால் எல்லாம் உள்ள இழுத்த அப்புறம் திரும்ப ஆவில ஏத்துறாங்க. பருக்கை பருக்கையா உதிருது, கைல எண்ணெய் ஒட்டல, ஆனா வாய்ல போட்டா தேங்கா. கூட பிண்டாங் குழம்பு, ஈக்கான் பாராங் போட்டது, நம்ம முள்ளுவாளை. பேருக்கேத்த மாதிரி முள்ளு, சாப்பிட அரை மணி நேரம் ஆகும், அந்த அரை மணி நேரமும் யாரும் பேச முடியாது, ஆன்ட்டி நான் முள்ளு எடுக்குற லட்சணத்தப் பாத்துட்டு பக்கத்துல உக்காந்து வால் பக்கத்துல இருந்து எப்படிப் பிரிக்கணும்னு விரலால காட்டிக் குடுத்தாங்க. குழம்பு தேங்காய்ப்பால்ல கொஞ்சம் புளிப்போட, நம்ம மீன்குழம்புக்கு ஒன்னுவிட்ட தங்கச்சி மாதிரி. ஓரமா வெள்ளரிக்கா, சம்பால் பெலாச்சான், அதாவது எறா விழுது போட்ட மொளகாச் சட்னி. கடைசில உருண்டையா ஒரு பலகாரம், பாசிப்பயற இனிப்பா பெசஞ்சு மாவுல முக்கிப் பொரிச்சது, கஸ்தூரின்னாங்க. எங்க அம்மாயி கேட்டிருந்தா "போடா, சுசியம்டா இது"னு சொல்லியிருக்கும்.

கெளம்புறப்ப ஒரு சின்ன டப்பால புளிக்காய்ச்சல் குடுத்தேன். மோந்து பாத்தாங்க, விரல்ல தொட்டு நாக்குல வச்சாங்க, "காரம் இருக்கு, பெலாச்சான் எங்க?"னு மலாய்ல கேட்டாங்க. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல.

திரும்புற வழில உம்பாய்ல சுட்ட மீன் சாப்பிடணும்னு பிளான், வயித்துல எடம் இல்ல. விட்டுட்டோம். இன்னும் வருத்தம்தான்.

நாள் 5, போர்ட் டிக்சன்

37 கடல் மைல். காலையில நல்ல காத்து, முதல் தடவையா நாலு மணி நேரம் இஞ்சின் இல்லாம ஓடுனோம். தஞ்சோங் துவான் முனைல தண்ணி கொதிக்கிற மாதிரி சுழிக்குது, நீரிணை அந்த எடத்துல குறுகிப்போகும், ஓட்டமும் அலையும் எதிரும் புதிருமா முட்டும். மேல போர்த்துகீசியர் காலத்துலேயே கலங்கரை விளக்கம் வச்ச எடம், இப்ப நிக்கிறது 1863-ல கட்டுனது.

அதப் பாத்து வாயப் பொளந்துகிட்டு இருந்தப்பதான் அறுந்துபோன வலைக் கயிறு ஒன்னு ப்ரொப்பெல்லர்ல சுத்திக்கிச்சு. முனையத் தாண்டி அலை அடங்குன எடத்துல நங்கூரம் போட்டு, நான் கண்ணாடி மாட்டிக்கிட்டு எறங்குனேன், பிரெட் வெட்டுற ரம்பக் கத்தியோட. மீன் வெட்டுற கத்தி நைலான்ல வழுக்கும், ரம்பக் கத்திதான் அறுக்கும். இருபது நிமிஷம், தோள்பட்டைல சிப்பி கீறி ரத்தம். மேல இருந்து "பாத்துங்க, பாத்துங்க"னு குரல். 'ங்க' திரும்பி வந்தாச்சு.

நாள் 6

மரினால துணி துவைச்சோம், டீசல் போட்டோம், தூங்குனோம். டவுன்ல ஒரு தமிழ்க் கடைல தோசை, மொறு மொறுன்னு. சட்னி தண்ணி.

நாள் 7, கிள்ளான்

தெற்கு வாய்க்கால் வழியா உள்ள வந்தோம், ரெண்டு பக்கமும் கிரேன், கண்டெய்னர், இழுவைப்படகு. 1972 வரைக்கும் இது போர்ட் சுவெட்டன்ஹாம், தாத்தா கடைசி வரைக்கும் அந்தப் பேருதான் சொல்வாரு. இங்கதான் ராஜுலா நின்னிருக்கும். எங்க நின்னிருக்கும்னு தேடுனேன், ஒன்னும் புரியல, எல்லாம் காங்கிரீட்டு.

படகுத்துறைல பெரியப்பா நிக்கிறாரு. எண்பத்தி நாலு வயசு, கிள்ளான்லயே செட்டில் ஆனவரு, சின்னப் பையனா அப்பாவோட ராஜுலால வந்தவரு. படக மேல இருந்து கீழ வரைக்கும் பாத்தாரு.

"இதுலயாம்மா வந்தீங்க?"

"ஆமா பெரியப்பா."

"எத்தன நாளு?"

"ஏழு."

"பஸ்ஸுல அஞ்சு மணி நேரம்தானே."

கேப்டன் பதிலே பேசல, கைய குடுத்து அவர மெதுவா படகுல ஏத்துனா. ஏறுனவரு உக்காரல, கயித்தத் தொட்டுப் பாத்தாரு, வீல தொட்டுப் பாத்தாரு, குனிஞ்சு சமையல்கட்ட எட்டிப் பாத்தாரு. லிட்டில் இந்தியால இலைச் சாப்பாடு, மறுநாள் காலைல பா குட் தே (பன்றி எலும்பு சூப்), எல்லாம் பிளான் போட்டு வச்சிருந்தோம், "வாங்க பெரியப்பா சாப்பிடப் போலாம்"னா நகர மாட்டேங்கிறாரு. கண்ணு அந்த ஹார்லிக்ஸ் பாட்டில்ல இருக்கு.

"என்னடா அது?"

"புளிக்காய்ச்சல் பெரியப்பா. அம்மா சொன்ன பக்குவம்."

பாட்டில வாங்கி அடில மிச்சம் இருந்தத ஸ்பூனால சொரண்டி வாய்ல போட்டாரு. கண்ண மூடிக்கிட்டு ரொம்ப நேரம் சப்புனாரு. நான் ராஜுலாவப் பத்தி ஏதோ சொல்லப் போறாருன்னு ஃபோன எடுத்து ரெக்கார்டு போட்டேன்.

"உப்பு கம்மி"ன்னாரு.